நம்பி விட்டுப் போக ஓர் ஆள்

குழந்தைக்குக் கடும் நோயோ தீராத குறைபாடோ இருக்கிறது என்று தெரியவந்த முதல் சில வாரங்கள் வீட்டில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவிருக்காது. போன் ஓயாது. "எதுன்னாலும் சொல்லுங்க, நாங்க இருக்கோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். பொய்யாகச் சொல்வதும் இல்லை. ஆனால் மாதங்கள் போகப் போக அவரவர் பாட்டைப் பார்க்க அவரவர் போய்விடுவார்கள். அந்த வீட்டுக்கோ உண்மையான வேலை அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

என் அக்கா மகளுக்குப் பெருமூளை வாதம். பிறக்கும் நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் போனதால் வந்தது. கை கால் நான்கும் இறுகியிருக்கும். தாங்கல் இல்லாமல் உட்கார முடியாது. பேச்சு இல்லை, வலிப்பு உண்டு. இப்போது அவளுக்குப் பதின்வயது. அவளைப் பார்த்துக்கொள்ளப் பழகிய தைரியத்தில்தான், பின்னாளில், கடும் நோயுள்ள குழந்தைகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் கேர் (வலியையும் அவதியையும் தணிக்கும் கவனிப்பு) குழு ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. சொந்தத்திலோ நட்பிலோ அக்கம்பக்கத்திலோ இப்படி ஒரு குழந்தை இருந்து, நாம் என்ன செய்ய முடியும் என்று தயங்கி நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். உலகத்தில் ஏறக்குறைய 24 கோடிக் குழந்தைகள் மாற்றுத்திறனாளிகள் என்று யுனிசெஃப் 2021இல் கணக்குச் சொன்னது. பத்தில் ஒரு குழந்தை. அப்படிப் பார்த்தால் தயங்கி நிற்பவர்களும் நிறையப் பேர் இருக்கத்தான் வேண்டும்.

இந்த வீடுகளில் பணம் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் பார்த்தவரை அதற்குச் சமமான இன்னொரு பற்றாக்குறை உண்டு. குழந்தையை இரண்டு மணி நேரம் நம்பி விட்டுப் போக ஓர் ஆள் கிடையாது. பெரும்பாலான வீடுகளில் அம்மா ஒருத்திக்குத்தான் எல்லாம் தெரியும். எப்படி ஊட்டினால் புரையேறாது, எந்த மருந்து எத்தனை மில்லி, எந்த அழுகை வலி, எந்த அழுகை வெறும் சலிப்பு, எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் வீடே நின்றுவிடும். பல்வலிக்கு டாக்டரிடம் போக நேரமில்லாமல் மாதக்கணக்கில் வலி மாத்திரை போட்டே சமாளித்த அம்மாக்களை எனக்குத் தெரியும்.

குழந்தைகளுக்கென்றே அமைந்த முதல் ஹாஸ்பைஸ் என்று சொல்லப்படும் ஹெலன் ஹவுஸ், 1982இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது. அதன் பின்னணியும் இதே கதைதான். ஹெலன் என்ற சிறுமி மூளைக் கட்டியால் படுத்த படுக்கையானாள். பெற்றோர் வீட்டில் வைத்தே பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பழக்கமான ஒரு கன்னியாஸ்திரி அவ்வப்போது ஹெலனைத் தம்மிடம் வைத்துக்கொண்டு அவர்களுக்கு ஓய்வு கொடுத்தார். அந்த ஓய்வு மற்றக் குடும்பங்களுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் அந்த இல்லமே எழுந்தது. ஹாஸ்பைஸ் என்றதும் சாகப்போகிறவர்கள் தங்கும் இடம் என்று நினைக்கிறோம். அப்பா அம்மாவை ஒரு ராத்திரி முழுசாகத் தூங்க விடுவதும் அங்கே முக்கியமான வேலை.

நம்பி விட்டுப் போகக்கூடிய அந்த ஆளாக ஆவது எப்படி? முதலில், "ஏதாவது வேணுமா?" என்று கேட்பதை விட்டுவிட வேண்டும். களைத்துப்போனவர் அதற்கு "ஒண்ணும் வேணாம்" என்றுதான் சொல்வார். என்ன வேலை இருக்கிறது, அதில் எதைப் பிறரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்று யோசிப்பதே அவருக்கு இன்னொரு வேலை. "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வர்றேன், ஆறு வரைக்கும் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய் நில்லுங்கள். வாராவாரம் அதே கிழமை, அதே நேரம். எப்போதோ ஒருநாள் முழுக்க வந்து இருப்பதைவிட இது பயன்படும், ஏனென்றால் அந்த நேரத்தை நம்பி அம்மா ஒரு வேலையைத் திட்டமிடலாம். முதல் சில வாரங்கள் அவள் வெளியே போக மாட்டாள். பக்கத்திலேயே நின்று நீங்கள் செய்வதைப் பார்ப்பாள். நம்பவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். நீங்கள் கற்றுக்கொள்ளும் நேரம் அதுதான்.

நான் முதலில் கற்றது ஊட்டுவது. அக்கா என்னை ஒரு தாழ்வான ஸ்டூலில் மகளுக்கு எதிரே உட்கார வைத்தாள். நான் உயரமாக இருந்தால் குழந்தை என்னைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்ப்பாள். தலை அப்படிச் சாய்ந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போவது சுலபம். அதனால் ஊட்டுகிறவர் முகம் குழந்தையின் முகத்துக்கு நேராகவோ கொஞ்சம் கீழேயோ இருக்க வேண்டும். இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறதா என்று அக்கா கையை விட்டுப் பார்த்தாள். பாதம் இரண்டும் பலகையில் ஊன்றியிருக்க வேண்டும், தொங்கினால் உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும் என்றாள். தாடை சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். தட்டையான ஸ்பூனில் பாதியளவு குழைந்த உணவு. நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருந்து, நேராக வெளியே எடுக்க வேண்டும். மேலுதட்டில் வழித்துவிட்டு எடுத்தால் தலை மறுபடி பின்னால் போகும். அப்புறம் தொண்டையைப் பார்க்கச் சொன்னாள். "அந்த மேடு ஏறி எறங்குதா? எறங்கினாத்தான் அடுத்த வாய்." வாய் காலியானதா என்று பார்க்காமல் அடுத்த ஸ்பூன் கிடையாது. சாப்பிட்டு முடித்த பிறகும் அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் போகும். அதைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறதே, அதுதான் ஆபத்து. இருமல், கண்ணில் நீர், தொண்டையில் ஈரமான கரகரப்பு, இவை உணவு தவறான வழியில் போவதற்கான அடையாளங்கள். சில குழந்தைகளுக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குள் போய்விடும். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி, நிமோனியா என்று வந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். விழுங்குவதைப் பரிசோதிக்கவென்றே சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். தேவைப்பட்டால் உணவு நேராக வயிற்றுக்குள் போகக் குழாய் வைக்கச் சொல்வார்கள். குழாய் என்றதும் வீட்டில் பெரிய அழுகை வரும், வாயால் சாப்பிடுவதும் போயிற்றா என்று. குழாய் வைத்த பிறகு குழந்தைக்கு எடை ஏறி, சாப்பாட்டு நேரப் போராட்டமும் ஓய்ந்து, வீடே நிதானமானதை நான் பார்த்திருக்கிறேன். ருசிக்காகக் கொஞ்சம் வாயில் வைக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில குழந்தைகளுக்கு அதை அனுமதிப்பார்கள்.

மருந்து விஷயத்தில் பிடிவாதம் வேண்டும். மில்லி அளவு போட்ட, ஊசியில்லாத சிரிஞ்சில்தான் எடுக்க வேண்டும். வீட்டு ஸ்பூன் கூடாது, ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு. ஒரே மருந்து இரண்டு வீரியத்தில் வரும். மில்லிகிராம் வேறு, மில்லி வேறு. புது பாட்டில் வாங்கியதும் லேபிளைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வலிப்பு மருந்து ஒரு வேளை தவறினாலே வலிப்பு வரலாம், நாமாக நிறுத்தவே கூடாது. மருந்து கொடுத்த உடனே வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுப்பதா வேண்டாமா என்பதை, அது நடப்பதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அதை யோசிக்க முடியாது.

வலிப்பை முதல்முறை பார்க்கிறவருக்குக் கை நடுங்கும். ஆனால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மணி பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைக்கலாம். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் வைக்கக் கூடாது. கை காலை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். சில குழந்தைகளுக்குக் கன்னத்தின் உட்புறத்திலோ மூக்கிலோ விட, வலிப்பை நிறுத்தும் மிடசோலம் என்ற மருந்தைக் கொடுத்திருப்பார்கள். எப்போது, எவ்வளவு விடுவது என்று அம்மாவிடம் கேட்டு, வெறும் சிரிஞ்சை வைத்துச் செய்து பார்த்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைச் சொல்வதற்குக் காரணம், பயத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். டாக்டர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். பெயர், பிறந்த தேதி, எடை, நோய், மருந்துகள், அளவு, நேரம், ஒவ்வாமை, வலிப்பு வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது. எடை மாறும்போதெல்லாம் தாளையும் மாற்றுவாள், குழந்தைகளுக்கு மருந்தளவு எடையைப் பொறுத்தது என்பதால். இதே தாளின் பிரதி ஒன்று பையிலும் இருக்கும். அவசரப் பிரிவில் ஒவ்வொரு முறையும் புது முகத்திடம் முதலிலிருந்து கதை சொல்லும் பாடு இதனால் பாதி குறைந்தது. ஒருமுறை அங்கே ஒருவர் அவள் தலைக்கு மேலாகவே, "இவளுக்கு ஒண்ணும் புரியாது, இல்ல?" என்று கேட்டார். அக்கா பதில் பேசவில்லை. தாளின் கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினாள். "நான் பேச மாட்டேன். எல்லாம் கேட்கும், புரியும். என்னிடம் சொல்லிவிட்டு ஊசி போடுங்கள்." அந்த மனிதர் கொஞ்சம் தடுமாறி, அவள் பக்கம் திரும்பி, "ஊசி போடப் போறேன்மா" என்றார்.

பேசாத குழந்தையிடம் பேசுவது பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. பதில் வராதே என்று நினைக்கிறார்கள். வரும், ஆனால் மெதுவாக வரும். இவளுக்கு ஆமாம் என்றால் கண் மேலே போகும், இல்லை என்றால் கண்ணை இறுக மூடுவாள். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணினால் பதில் கிடைக்கும். நாம்தான் மூன்றுக்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறோம். பெரிய கண்ணாடித் தாள் ஒன்றின் மூலைகளில் படங்களை ஒட்டி வைத்திருக்கிறோம். நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். அவள் கண் எந்த மூலைக்குப் போகிறதோ அதுதான் அவள் சொல்வது. இப்படிப் படத்தைக் காட்டிப் பழக்கினால் வரவேண்டிய பேச்சும் வராமல் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. என் அனுபவத்தில் அந்தத் தாள் வந்த பிறகு அவள் அழுகை குறைந்தது, அதிகாரம் கூடியது. நான் போடும் பாட்டு எதுவும் அவளுக்குப் பிடிப்பதில்லை என்று தெரிந்துகொண்டதும் அதன் வழியாகத்தான்.

சொல்லத் தெரியாத குழந்தைக்கு வலி இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். மருத்துவமனைகளில் ஃபிளாக் என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 1997இல் வெளியானது. முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, சமாதானப்படுத்தினால் அடங்குகிறதா என ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டு 10க்குக் கணக்கிடுவார்கள். பின்னாளில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்காக அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தில் எனக்குப் பிடித்தது, ‘இந்தக் குழந்தை வலித்தால் என்ன செய்யும்’ என்று பெற்றோரிடம் கேட்டு அதையும் சேர்த்துக்கொள்வது. ஏனென்றால் வலியில் அழாமல் சிரிக்கிற குழந்தை உண்டு. திடீரென்று அமைதியாகிவிடுகிற குழந்தையும் உண்டு. இவள் உதட்டைக் கடிப்பாள்.

அழுகைக்குக் காரணம் தேடும்போது சாதாரணமானவற்றிலிருந்து தொடங்குங்கள். மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், பல், காது, ஒரே பக்கமாக வெகுநேரம் படுத்திருந்தது, மடிப்பு விழுந்த துணி. பெருமூளை வாதமுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல நழுவும். நடக்காத குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். டயப்பர் மாற்றக் காலை விரிக்கும்போது மட்டும் அழுகிறாள் என்றால் அதைக் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். வலி வராமலே நழுவுவதும் உண்டு, அதனால்தான் அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். தினமும் பார்க்கிற அம்மாவுக்குப் பழகிப்போன ஒன்று, வாரம் ஒருமுறை வருகிற உங்கள் கண்ணில் படலாம்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ரோசன்பாம், யான் வில்லெம் கோர்ட்டர் என்ற இரு மருத்துவர்கள் 2012இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இப்படிப்பட்ட குழந்தையைப் பற்றி யோசிக்கும்போது செயல்பாடு, குடும்பம், உடல் வலு, குதூகலம், நண்பர்கள், எதிர்காலம் ஆகிய ஆறையும் பார்க்கச் சொன்னார்கள். நம் குழந்தைகளின் நாளில் பெரும்பகுதி செயல்பாட்டுக்கே போய்விடுகிறது. கையை நீட்டு, காலை மடக்கு, நிமிர்ந்து உட்கார். குதூகலத்துக்கும் நண்பர்களுக்கும் அம்மாவுக்கு நேரமோ தெம்போ மிச்சமிருக்காது. அங்கேதான் சித்தி, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன் எல்லாம் வேண்டியிருக்கிறார்கள். வந்ததும் இன்னொரு பயிற்சியாளராக மாறி, "எங்கே, கையைத் தூக்கு பார்க்கலாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். பாவம், அவளுக்கு அது போதும் போதும் என்று ஆகியிருக்கும். உங்கள் பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள். பிறந்தநாளுக்கு அவளையும் கூப்பிடுங்கள். வருவது சிரமம் என்று நீங்களே தீர்மானிக்காமல், சக்கர நாற்காலி உள்ளே வருமா, எத்தனை படி என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூப்பிடாமலே விடப்படுவதுதான் அந்த வீட்டில் ஆழமாகப் பதிகிறது.

கூடப் பிறந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘சமத்துப் பிள்ளை, அம்மாவைத் தொந்தரவு பண்றதே இல்ல’ என்று பேர் வாங்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கவலை வரும். சின்னப் பிள்ளைகள் தாங்கள் கோபத்தில் நினைத்ததால்தான் தம்பிக்கு நோய் வந்தது என்றுகூட நம்புவார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் மூன்று விஷயங்களை யாராவது சொல்ல வேண்டும். இது உன்னால் வரவில்லை. இது உனக்குத் தொற்றாது (தொற்றாத நோய் என்றால்). அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது உன்னை இன்னார் பார்த்துக்கொள்வார். மூன்றாவதை ஆள் பெயரோடு சொல்ல வேண்டும். அப்புறம், பள்ளிக்கூட விழாவுக்கு அவனுக்காக மட்டும் ஒருவர் போய் உட்கார வேண்டும். அப்பாக்களிடமோ எல்லோரும் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவரைக் கேட்பதில்லை. கேட்டுப் பாருங்கள், நின்றபடியே அரை மணி நேரம் பேசுவார்.

என்ன பேசக்கூடாது என்பதற்கு நான் ஒரு வழியைக் கைக்கொள்கிறேன். சூசன் சில்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 2013இல் பாரி கோல்ட்மேனோடு சேர்ந்து எழுதியது. நடுவில் நோயுற்றவர், அவரைச் சுற்றி ஒரு வட்டத்தில் பெற்றோர், அதற்கு வெளியே நெருங்கிய சொந்தம், அதற்கும் வெளியே நண்பர்கள். உள்ளே இருப்பவரிடம் ஆறுதல் மட்டும் போக வேண்டும். நம் பயம், புலம்பல், ‘எனக்கே தாங்கலையே’ எல்லாம் நமக்கு வெளியே இருப்பவர்களிடம் கொட்டலாம். நான் அக்காவிடம் அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும், எனவே என் தோழியிடம் அழுவேன். "கடவுள் தாங்குறவங்களுக்குத்தான் கொடுப்பார்" என்ற வசனத்தை வெறுக்காத ஒரு தாயை நான் இதுவரை சந்திக்கவில்லை. "இந்த வைத்தியம் பண்ணிப் பார்த்தீங்களா?" என்பதும் அப்படித்தான். அவர்கள் தூங்காத இரவுகளில் அதையெல்லாம் தேடிப் படித்து முடித்திருப்பார்கள்.

கடும் நோய் என்று வரும்போது கொஞ்சம் வேறு விதமான ஒழுங்கு வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 4 லட்சம் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், வசதி குறைந்த நாடுகளில் 30 சதவீதத்துக்கும் கீழே. நோய் ஒன்றுதான், எங்கே பிறந்தோம் என்பதுதான் இந்த வித்தியாசம். கீமோதெரபி நடக்கிற குழந்தையின் வீட்டுக்குச் சின்னத் தும்மல் இருந்தாலும் போகாதீர்கள். நீங்கள் பொறுப்பில் இருக்கும்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே அந்த மருத்துவக் குழுவைக் கூப்பிட வேண்டும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் கீமோதெரபியால் குறைந்திருக்கும்போது கிருமித் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம், காய்ச்சலை மருந்தால் மறைத்தால் அது தெரியாமல் போகும்.

அப்படி ஒரு வீட்டில் ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்திருந்த பையன் ஒருவனோடு சீட்டு விளையாடுவேன். ஏமாற்றுவதில் கெட்டிக்காரன். ஒருநாள் சீட்டைக் கலைத்துக்கொண்டே, "ஆன்ட்டி, எனக்கு இந்தத் தடவ சரியாகாதுல்ல?" என்றான். அம்மா சமையலறையில் இருந்தாள். இப்படிப்பட்ட கேள்விக்குப் ‘போடா, அதெல்லாம் சரியாயிடும்’ என்று வாய் தானாகச் சொல்ல வரும். குழுவில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தபடி, "உனக்கு ஏன் அப்படித் தோணுது?" என்று கேட்டேன். அப்பா வெளியே போய் நின்று போன் பேசுகிறார், டாக்டர் முன்போல ஜோக் அடிப்பதில்லை, வாங்கித் தர மாட்டேன் என்று சொன்ன பொம்மையை வாங்கித் தந்துவிட்டார்கள் என்று வரிசையாகச் சொன்னான். "நீ கேட்டதை அம்மாகிட்ட சொல்லட்டுமா, இல்ல நீயே சொல்றியா?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்றான்.

அமெரிக்க மானுடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளோடு மருத்துவமனையில் இருந்து கவனித்ததை 1978இல் எழுதினார். யாரும் சொல்லாமலே குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. பெற்றோருக்காகத் தெரியாததுபோல் நடித்தார்கள், பெற்றோர் குழந்தைக்காக நடித்தார்கள். அந்த நடிப்பில் குழந்தை தனியாகிவிடுகிறது. உண்மையை எப்போது, எவ்வளவு சொல்வது என்பது பெற்றோரின் உரிமை, அதை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பொய் சொல்லாமல் இருக்கலாம். குழந்தை என்ன கேட்கிறது என்பதைப் பெற்றோரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

பாலியேட்டிவ் கேர் என்ற பேச்சை எடுத்தாலே, கைவிட்டுவிட்டார்கள் என்று குடும்பம் நினைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி குழந்தைகளுக்கு அது நோய் தெரிந்த நாளிலேயே தொடங்க வேண்டியது. குணமாக்கும் சிகிச்சையோடு கூடவே நடக்கலாம். மார்ஃபினும் அப்படித்தான் பயமுறுத்துகிறது. கடும் வலியில் இருக்கும் குழந்தைக்கு, அனுபவமுள்ள டாக்டர் எடைக்கேற்ற அளவில் கொடுத்துக் கவனிக்கும்போது அது தேவையான, முறையான மருந்து. மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். இதை எழுதித் தராமல் விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வலி அடங்கிய குழந்தை மறுபடி சீட்டு விளையாட உட்காரும்.

அந்தப் பையன் இறந்துபோனான். அவனுடைய அம்மா பின்னால் சொன்னது இது: எல்லோரும் அவன் பெயரைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் பேசுகிறார்கள், நீங்களாவது சொல்லுங்கள். அதனால் போகும்போதெல்லாம் அவன் செய்த ஏமாற்று வேலைகளைத்தான் பேசுவோம். அவன் பிறந்தநாளையும் இறந்த நாளையும் என் போனில் குறித்துவைத்திருக்கிறேன். ஒரு வரி அனுப்பினால் போதும், பதில் எதிர்பார்க்கக் கூடாது. மருந்து, கட்டில், சக்கர நாற்காலி இவற்றை உடனே அப்புறப்படுத்தி உதவி செய்கிறேன் என்று யாரும் இறங்க வேண்டாம். மீந்த மார்ஃபினை மட்டும் மருத்துவக் குழுவிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மற்றவை அவர்கள் சொல்லும்வரை இருந்த இடத்தில் இருக்கட்டும்.

அக்காவின் கவலை வேறு. மகள் வளர்கிறாள், கனக்கிறாள், அக்காவுக்கும் எனக்கும் முதுகு ஒத்துழைக்கவில்லை. தூக்குவதற்கு இப்போது இரண்டு பேர், அல்லது தூக்கும் கருவி. ‘எனக்கப்புறம் யாரு?’ என்பதை அவள் கேட்காத நாள் இல்லை. சட்டப்படி யார் காப்பாளர், பணம் யார் பெயரில் என்பதையெல்லாம் பதினெட்டு வயதுக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும் என்று வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்திருக்கிறோம். கூடவே மூன்றாவது ஆள் ஒருவரைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண். சனிக்கிழமை காலையில் வருகிறாள். ஊட்ட வந்துவிட்டது, கண்ணாடித் தாளில் கண்ணைப் படிக்க வந்துவிட்டது. மருந்து சிரிஞ்சை இன்னும் கையில் கொடுக்கவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறாள் அக்கா. அவள் போடும் பாட்டு மட்டும் இவளுக்குப் பிடித்திருக்கிறது.